கசின் என்றால் என்ன முறை?

எனக்கு ஒரு காலத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சிகரெட், வெற்றிலை மாதிரி ஏதாவது என்றால் வீட்டில் திட்டியே நிறுத்தியிருப்பார்கள். இது அந்த ரகம் இல்லை. யார் வாயிலிருந்தாவது ஓர் ஆங்கிலச் சொல் விழுந்தால் போதும். அது எந்த ஊரில் பிறந்தது, அதன் அப்பன் யார், பாட்டன் யார், எத்தனை தேசம் சுற்றி திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது என்றெல்லாம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கேட்பவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தால் நானும் கூடவே ஓடிச் சொல்வேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். (கௌரவம் பட்டத்தோடு சரி.) வீட்டுக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும், அது வங்கிக் கடிதமானாலும் கிரைண்டருக்குக் கொடுத்த உத்தரவாத அட்டையானாலும், நேரே என் கைக்கு வரும். எனவே என் கூடப்பிறந்த கோமதி அக்காவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வரன் வந்தபோது, மாப்பிள்ளையோடு பேசிப் பழகும் வேலையை யாரும் யோசிக்காமலே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். யோசித்திருக்கலாம்.

மாப்பிள்ளை பெயர் அரவிந்த். பெற்றோர் அம்பாசமுத்திரத்துக்காரர்கள். இவர் இரண்டு வயதில் மெல்போர்ன் போனவர். தமிழ் பாதி புரியும். எந்தப் பாதி என்பதுதான் அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் மகனுமாக வந்து மகாராஜ நகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் டவுன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முறைப்படி நடந்தது. அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. எப்படித் தெரியும் என்றால், வழக்கமாக வரன் வந்து போனதும் அவர்கள் நடந்த மாதிரி, பேசின மாதிரியெல்லாம் நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பாள். அன்றைக்கு நடிக்கவே இல்லை.

அன்று ஓடியாடிப் பரிமாறியவர் ஆவுடை அண்ணன். எங்கள் பெரியம்மா மகன், அதாவது அம்மாவின் அக்கா மகன். பெரியம்மா வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அண்ணன் தூங்குவது அங்கே, மற்றதெல்லாம் எங்கள் வீட்டில். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. முப்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "கோமதிக்கு முடியட்டும், பொறவு பாப்போம்" என்பார். பெரியம்மா மகன் என்றால் அண்ணன். இதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் எனக்கு அதை விளக்கும் பயிற்சியே இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏலே, மாப்பிள்ளையக் குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போயி ஆத்துல குளிக்க வைய்யி. நம்ம ஊரப் பத்தி நாலு விஷயம் சொல்லு. அளவாச் சொல்லு" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. அரவிந்த் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு முங்கி எழுந்தார். பிறகு படியில் உட்கார்ந்து தலை துவட்டும்போது பைய ஆரம்பித்தார். (பேச்சு முழுக்க ஆங்கிலம். என் நினைவில் உள்ளபடி தமிழாக்கித் தருகிறேன். ஒவ்வொரு வரியும் நன்றாகவே நினைவிருக்கிறது, மறக்க விட்டால்தானே.)

"நேற்று பெரிய மீசையோடு ஒருவர் இருந்தாரே, அவர் யார்?"

"ஆவுடையா? எங்கள் கசின்."

"கசின் என்றால், அம்மா வழியா, அப்பா வழியா?"

நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. இத்தனை நுட்பமாகக் கேட்கும் மாப்பிள்ளை கிடைத்தாரே என்று சந்தோஷம்கூட வந்தது. "அம்மா வழி. உண்மையில் அந்தச் சொல்லின் பூர்வீகமே அம்மா வழிதான் தெரியுமா? லத்தீனிலிருந்து வந்தது. சரித்திரப்படி பார்த்தால் எங்கள் வீட்டில் முழு உரிமையுள்ள கசின் அவர் ஒருவர்தான்" என்றேன்.

அவர் துவட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. புறப்படும் முன் அவருடைய அப்பா மகனை உட்காரவைத்து நம் வழக்கங்களைப் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறார். நம் பக்கத்தில் பெண்ணுக்கு அம்மா வழியில் ஒரு கசின் இருந்தால் அவனுக்குத்தான் முதல் உரிமை, அவன் சம்மதம் முக்கியம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னது மாமா மகனை. மகன் எழுதிக்கொண்டது 'அம்மா வழி கசின்' என்று.

"உன் அக்கா அவர் டம்ளரிலிருந்து காப்பி குடித்தாளே" என்றார் அரவிந்த்.

"சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவருக்கு அக்கா என்றால் உயிர். அவள் ஆஸ்திரேலியா போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் கொல்லையில் போய் நின்று அழுதார்."

"அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இல்லை. கோமதிக்கு முடிகிற வரைக்கும் பண்ணிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்."

அரவிந்த் ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "உங்கள் குடும்பத்தில் கசின்களைக் கல்யாணம் செய்துகொள்வது உண்டா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் யாராவது என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தியிருந்தால் இன்றைக்கும் அவருக்கு நன்றியோடு இருப்பேன். ஒருவரும் செய்யவில்லை. அந்நிய நாட்டுக்காரர் நம் வழக்கத்தைக் கேவலமாக நினைத்துவிடக்கூடாது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தாராளமாக உண்டு. எங்கள் அப்பாவும் அம்மாவுமே கசின்கள்தான்!" என்றேன். (அம்மா அப்பாவுக்கு மாமா மகள்.)

திரும்பி வரும்போது பைக்கில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றுக் குளியல் ஆளை அசத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவருடைய அம்மா எங்கள் அம்மாவுக்குப் போன் செய்தார். பையன் இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்கிறான், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னால் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது? அம்மா கேசரியில் சர்க்கரை கூடிவிட்டதோ என்று ஆரம்பித்தாள். அப்பா ஜாதகத்தை எடுத்து மறுபடி விரித்தார். அக்கா மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கல்லூரியிலிருந்தபடி அரவிந்துக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினேன். என்ன விஷயம், எங்கள் பக்கம் ஏதாவது குறையா என்று. பதில் உடனே வந்தது. "உன் அக்கா அருமையான பெண். ஆனால் அவளைக் காலமெல்லாம் நேசித்த அந்தக் கசினின் இடத்தை நான் பறிக்க விரும்பவில்லை. அவளுக்குத் தலைகுனிவு வராதபடி நானே விலகிக்கொள்கிறேன்."

மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் ஆற்றங்கரையில் நான் சொன்னதெல்லாம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று உறைத்தது.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒரே வரி. 'அவன் அவளுக்கு அண்ணன் முறை, கல்யாணம் செய்யவே முடியாத உறவு' என்று எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தவறு ஒரு சொல்லால் வந்தது, எனவே அந்தச் சொல்லைக் கொண்டே அதைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில்லாத நேரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான்கு பத்திகள் எழுதினேன்.

முதல் பத்தியில், லத்தீனில் 'கன்சோப்ரினஸ்' என்று ஒரு சொல் இருந்தது, அதற்குள்ளே சகோதரி என்ற சொல் ஒளிந்திருக்கிறது, ஆதியில் அதன் பொருள் தாயின் சகோதரி பிள்ளை என்று எழுதினேன். இரண்டாவது பத்தியில், லத்தீன்காரர்களும் நம்மைப்போல அத்தை பிள்ளைக்கு ஒரு சொல், சித்தப்பா பிள்ளைக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து வந்தபோது எல்லாம் கலந்து ஒரே கசினாகிவிட்டது. ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் அக்கா மகனையும் கசின் என்றார்கள், ராஜாக்கள் பக்கத்து நாட்டு ராஜாவையும் கசின் என்றார்கள் என்று விவரித்தேன். மூன்றாவது பத்தியை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. ஆங்கிலத்தில் ஏமாற்றுவதைக் குறிக்கும், கசின் போலவே ஒலிக்கும் ஒரு பழைய வினைச்சொல் உண்டு. கசின் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஓசிச் சோறு சாப்பிட்டவர்களால்தான் அந்தச் சொல்லே உண்டானதாகச் சிலர் கருதுகிறார்கள் என்ற சுவையான தகவலையும் சேர்த்திருந்தேன். நான்காவது பத்தியில்தான், 'ஆகவே ஆவுடை, கசின் என்ற சொல்லின் முழுமையான பொருளில், அவளுக்குச் சகோதரன்' என்று முடித்தேன்.

படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல். அவர் கசின். கசின் என்றால் சகோதரன். உன் அப்பாவும் அம்மாவும் கசின்கள். நடுவில் யாரோ யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. தயவுசெய்து இனிமேல் எதையும் விளக்காதே."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். செல்போனில் இருந்ததையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ நானும் உங்கம்மையும் அண்ணன் தங்கச்சின்னு அந்தப் பையன் நெனச்சிட்டிருக்கானா?"

"அப்படி நேரடியா இல்லப்பா..."

"சவத்து மூதி! எம்.ஏ. படிச்சிருக்கியே, மாமா மவ, பெரியம்மா மவன் வித்தியாசம் சொல்லத் தெரியலியா ஒனக்கு?"

"இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாம்ப்பா."

"அப்போ அந்த இங்கிலீஷைத் தூக்கிக் குப்பையில போடு!"

அக்கா எழுந்து என் முன்னால் வந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடித்திருக்கலாம். "ஏலே, எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து கங்கைகொண்டானிலிருந்து ஷிப்ட் முடித்து ஆவுடை அண்ணன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மீசை துடித்தது. "நான் கோமதியக் கட்டவா? எப்பா! காதுல வுழவே கூசுதே! கோட்டிப்பய, வண்டியில ஏறுலே!" என்றார். ஏறினேன்.

மகாராஜ நகர் வீட்டில் அரவிந்தே கதவைத் திறந்தார். ஆவுடை அண்ணனை நிலைவாசல் நிறைய நிற்கக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. ஆனாலும் நல்ல மனுஷன், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முன்னால் வந்து அண்ணன் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "நான் உங்களை மதிக்கிறேன். அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அண்ணனுக்குக் கம்பெனி ஆங்கிலம் நன்றாக வரும். இதில் அவருக்குப் புரிந்தது மரியாதையும், 'பார்த்துக்கொள்' என்பதும். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பது அவருக்குத் தலைகீழாகப் புரிந்தது. 'அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்' என்று மாப்பிள்ளை சத்தியம் செய்வதாக நினைத்து அவர் கண் கலங்கிவிட்டது. "தேங்க்யூ, தேங்க்யூ" என்று சொல்லி அரவிந்தை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். அரவிந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருவருமே தியாகம் செய்த திருப்தியில் நின்றார்கள். நான் நடுவில் புகுந்து, "அண்ணே, அது அப்படி இல்ல" என்றேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இரண்டு மொழியில் என்னை வாயை மூடச் சொன்னார்கள்.

சத்தம் கேட்டு அரவிந்தின் அம்மா உள்ளேயிருந்து வந்தார். ஆறடி ஆளும் தன் மகனும் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீங்க கோமதிக்கு என்ன முறை வேணும்?"

"அவ பெரியம்மா மவன்மா. அண்ணன்."

"அண்ணனா!" என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "டேய், இதுக்காடா ரெண்டு நாளாச் சாப்பிடாமக் கெடந்த? இவரு அவளுக்கு அண்ணன்டா!"

நான் நான்கு பத்தி லத்தீன் எழுதி முடியாததை அந்த அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார் என்று வெட்கத்தோடு நின்றேன். ஆனால் முடியவில்லை. அரவிந்த் பரிதாபமாக அம்மாவைப் பார்த்து, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டார்.

"அம்மா, காலையில ஆட்டோ ஓட்டுனவரையும் நீ அண்ணான்னுதான் கூப்பிட்ட. ஓட்டல்ல தோசை வெச்சவரும் அண்ணா. பக்கத்து வீட்டு அங்கிள் அண்ணாச்சி. இவர் எந்த அண்ணா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ஆவுடை அண்ணன் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன். அவர் பையிலிருந்து போனை எடுத்தார். அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார்.

"ஏட்டி, நான் ஒனக்கு யாருன்னு நீயே சொல்லிரு தாயி. எங்களால முடியல."

அக்கா ஆங்கிலத்தில் பேசினாள். அக்கா படித்தது கணக்கு. ஆங்கிலத்தில் நாலு வரிக்குமேல் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் நாலைந்து வரிதான்.

"அரவிந்த், ஆவுடை என் அம்மாவின் அக்கா மகன். எங்களுக்கு அது கூடப்பிறந்த அண்ணன் மாதிரி, கல்யாணம் கிடையாது. என் அப்பா என் அம்மாவின் அத்தை மகன். அது வேற, அங்கே கல்யாணம் உண்டு. என் தம்பி ஒரு முட்டாள். அது தனி விஷயம்." இங்கே ஒரு மூச்சு வாங்கினாள். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிச்சிருந்தா சொல்லுங்க."

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை ஸ்பீக்கரில், வருங்கால மாமியார் கேட்க, அப்படிச் சொன்னதில்லை. அக்காவுக்கு ஸ்பீக்கர் போட்டது தெரியாது. ஆவுடை அண்ணன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அரவிந்தின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அரவிந்த் மேசைக்கு அருகே குனிந்து, மொத்தமாகத் தமிழில், "பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த மீசையையும் பிடிச்சிருக்கு" என்றார்.

"ஐயோ, பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்தில் மணப்பெண்ணின் கையில் பொரி அள்ளிப்போட வேண்டியவன் சகோதரன். நான்தான் கூடப்பிறந்த தம்பி, என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பட்டுவேட்டி கட்டித் தயாராக நின்றேன். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தபடியே ஆவுடை அண்ணனைக் கைகாட்டி, "இவர்தான் போட வேண்டும், நான் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். சபை முழுக்கச் சிரித்தது. அண்ணன் பொரியைப் போடும்போது பாதி கீழே சிந்தியது.

அடுத்த வருஷம் ஆவுடை அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அதற்கும் அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்க்க நாங்குநேரிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். போகும் வழியெல்லாம் அப்பா, "அங்கன வந்து ஒரு இங்கிலீஷ் வார்த்த பேசப்பிடாது, ஆமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் பேசவில்லை. பஜ்ஜி வந்தது. பெண் வந்து உட்கார்ந்தது. அப்போது பெண்ணின் அப்பா, ஜன்னல் ஓரமாக நின்ற, என்னைவிட உயரமான, என்னைவிட நிறைய முடி உள்ள ஓர் இளைஞனைக் காட்டி, "இது பொண்ணுக்குக் கசின்" என்றார்.

எங்கள் வீட்டார் அத்தனை பேர் கையிலும் டம்ளர் அப்படியே நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் முகம் எப்படிப் போயிற்றோ எனக்குத் தெரியாது. ஆவுடை அண்ணன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"கசின்னா, என்ன முறை அண்ணாச்சி?"

"அத்தை மவன்" என்றார் அவர்.

நான் எழுந்தேவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த இளைஞன் பதறிப்போய், "எனக்குப் போன மாசமே நிச்சயம் ஆயிட்டு, வேற எடத்துல" என்றான். நான் உட்கார்ந்தேன். எங்கள் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் பெண்ணின் தோளில் சாய்ந்தாள். பெண்ணும் விஷயம் தெரியாமலே கூடச் சிரித்தாள்.

அவள்தான் இப்போது என் மனைவி. எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் இந்தக் கதை ஆற்றங்கரையிலிருந்து ஒரு வரி விடாமல் சொல்லப்படும். என்னை எதற்காகக் கட்டிக்கொண்டாய் என்று அவர்கள் கேட்டால், அன்றைக்குக் காரணமே இல்லாமல் எழுந்து நின்ற மூஞ்சியை நினைத்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்ததாகவும், மூன்றாம் நாள் சம்மதம் சொல்லிவிட்டதாகவும் பதில் சொல்வாள்.